மருந்து தரமானது சரி... அதைத் தொடும் குழாய்? பயாலஜிக் ஊசிகளில் யாரும் கேட்காத ஒரு கேள்வி

தீவிர சிகிச்சைப் பிரிவு. சர்க்கரை எகிறிப்போய் அட்மிட் ஆகியிருக்கும் ஒருவருக்கு இன்சுலின் டிரிப் தயாராகிறது. 100 மில்லி சலைனில் 100 யூனிட் இன்சுலினைக் கலக்கிறார் செவிலியர். குழாயை இணைக்கிறார். ஆனால், நோயாளியின் கையில் மாட்டவில்லை. முதலில் 20 மில்லியைக் குழாய் வழியாக ஓடவிட்டு, ஒரு கிண்ணத்தில் பிடித்துக் கொட்டிவிடுகிறார்.

பக்கத்தில் நிற்கும் மகனுக்குப் பகீரென்கிறது. "என்ன சிஸ்டர், மருந்தைப் போய்க் கீழ ஊத்துறீங்க?"

"குழாய் குடிக்கிறதை முதல்ல குடிச்சிடட்டும்ணே. இல்லேன்னா உங்க அப்பாவுக்குப் போக வேண்டியதை அது குடிச்சிடும்."

பெரிய மருத்துவமனைகளில் இது புதிய காட்சி அல்ல. இன்சுலின் பிளாஸ்டிக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். எத்தனை மில்லி ஓடவிட்டால் போதும் என்று பார்த்த ஓர் ஆய்வு 2006-ல் வெளியானது. அது சொன்ன அளவுதான் 20 மில்லி. சுவர் நிறைந்த பிறகு ஓடும் மருந்து ஓரளவு முழுதாக நோயாளிக்குப் போய்ச் சேரும்.

இன்சுலினுக்கு இந்த ரகசியம் தெரிந்துவிட்டது. மற்ற ஊசி மருந்துகளுக்கு? கேன்சர், மூட்டுவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, கண் நோய் என்று இன்று எல்லாவற்றுக்கும் புரத மருந்துகள் வந்துவிட்டன. அவை குப்பியில் எப்படி இருக்கின்றன, சிரிஞ்சில் என்ன ஆகின்றன, மருத்துவமனையின் குழாயில் எவ்வளவு தங்கிவிடுகின்றன? மருந்துக்குத் தரச் சான்று கேட்கிறோம். அது தொடும் பரப்புக்கு அதே கேள்வியைக் கேட்கிறோமா?

தூத்துக்குடிக்குத் தெரிந்த அறிவியல்

இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள லேப் தேவையில்லை. தூத்துக்குடி கடற்கரையே போதும்.

மீன்பிடித் துறைமுகத்தில் கரையேற்றி வைத்திருக்கும் விசைப்படகின் அடிப்பகுதியைப் பாருங்கள். பாசியும் சிப்பியும் அப்பிக் கிடக்கும். சுரண்டி, பெயின்ட் அடித்து மறுபடி இறக்கினாலும் கொஞ்ச நாளில் அதே கதை. பெரிய கப்பல்களுக்கும் இதுதான் தலைவலி. அடிப்பகுதி சொரசொரப்பானால் எரிபொருள் செலவு ஏறும்.

ஆனால், சிப்பி முதலில் வருவதில்லை. சுத்தமான எந்தப் பொருளைக் கடலில் இறக்கினாலும், சில நிமிடங்களிலேயே தண்ணீரில் கரைந்திருக்கும் புரதங்களும் சர்க்கரைப் பொருட்களும் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகப் படிகின்றன. அந்தப் படலத்தின் மேல்தான் பாக்டீரியா, பிறகு பாசி, கடைசியில் சிப்பி. அதாவது, முதலில் வந்து ஒட்டும் ஆட்களில் புரதமும் உண்டு.

முத்தின் கதையும் பரப்பு பற்றியதே. மன்னார் வளைகுடாவில் இயற்கை முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. ஆனால், 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் முத்துச்சிப்பிக்குள் ஓர் உருண்டை மணியையும், இன்னொரு சிப்பியின் சிறு திசுத் துண்டையும் வைத்து வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். திசு வளர்ந்து மணியைச் சுற்றி ஒரு பை போல மூடிக்கொள்ளும். பிறகு அந்தப் பரப்பின் மேல் புரதமும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகப் படியும். உள்ளே வைத்த மணி அப்படியே இருக்கும். ஆனால் வெளியே தெரிவது வேறு பொருள்.

கடலில் இது நமக்கு லாபம். சிரிஞ்சுக்குள் இதே மாதிரி ஒன்று நடந்தால்?

பயாலஜிக் என்றால் என்ன?

பாராசிட்டமால் போன்ற மாத்திரைகளில் இருப்பது சிறிய மூலக்கூறு. ஆலையில் வேதிவினை மூலம் தயாராவது. பயாலஜிக் மருந்து வேறு ரகம். பாக்டீரியா, ஈஸ்ட், விலங்கு செல் போன்ற உயிருள்ள ஒன்றை வைத்துத் தயாரிக்கும் பெரிய மூலக்கூறு. இன்சுலின், ரத்தசோகைக்கான எரித்ரோபொய்ட்டின், கீமோவுக்குப் பிறகு வெள்ளையணுக்களை ஏற்றும் ஃபில்கிராஸ்டிம், மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் எல்லாம் இந்த வகை. பாம்புக்கடி மருந்தும் தடுப்பூசிகளும் இந்தக் குடும்பம்தான்.

புரதம் என்பது ஒரு நீளமான நூல். அது சரியான வடிவத்தில் மடிந்திருந்தால்தான் வேலை செய்யும். தண்ணீர் ஆகாத பகுதிகளை உள்ளே ஒளித்து, தண்ணீரோடு ஒத்துப்போகும் பகுதிகளை வெளியே காட்டி மடிந்திருக்கும். கண்ணாடி, பிளாஸ்டிக், ரப்பர், ஸ்டீல், ஏன், ஒரு காற்றுக் குமிழியின் ஓரம்கூட அதற்கு ஒரு பரப்புதான். அங்கே போய் ஒட்டும்போது மடிப்பு பிரியலாம். பிரிந்த புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளலாம். மறுபடி பழைய வடிவத்துக்கு வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

எவ்வளவுதான் ஒட்டும்? ஒரு சின்னக் கணக்கு

ஒன்றரை மீட்டர் நீளமுள்ள ஐவி குழாய். உள்விட்டம் 3 மில்லிமீட்டர். உட்சுவரின் மொத்தப் பரப்பு சுமார் 140 சதுர சென்டிமீட்டர். ஒரு போஸ்ட் கார்டை விடக் கொஞ்சம்தான் பெரியது. புரதம் ஒரே ஒரு அடுக்காக ஒட்டினால், ஒரு சதுர மீட்டருக்குத் தோராயமாக 1 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் குழாயில் தங்குவது சுமார் 14 மைக்ரோகிராம். பிளாஸ்டிக்கின் ரகம், மருந்தின் தன்மை, நேரம் ஆகியவற்றைப் பொறுத்து இது கூடும், குறையும்.

14 மைக்ரோகிராம் அதிகமா, கம்மியா? அது மருந்தைப் பொறுத்தது.

360 மில்லிகிராம் டிராஸ்டுசுமாப் ஏற்றும் ஒருவருக்கு இது ஒரு லட்சத்தில் 4 பங்கு. கண்டுகொள்ளவே வேண்டாம். இன்சுலினில் இது சுமார் 0.4 யூனிட். மணிக்கு 5, 6 யூனிட் ஏறும் பெரியவருக்குச் சமாளிக்கலாம். மணிக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவாக ஏறும் பச்சிளம் குழந்தைக்கு அது பெரிய விஷயம்.

இப்போது பிளினாடுமோமாப் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்தை எடுத்துக்கொள்வோம். நோய் திரும்பி வந்தவர்களுக்கு முதல் வாரத்தில் நாள் ஒன்றுக்கு 9 மைக்ரோகிராம், அப்புறம் 28 மைக்ரோகிராம். நம் கணக்குப்படி, முதல் நாள் மருந்து முழுவதையும் குழாயே விழுங்கிவிடக்கூடும்!

அதனால்தான் அந்த மருந்தோடு இன்னொரு குப்பியும் சேர்ந்தே வருகிறது. அதில் இருப்பது மருந்து அல்ல. பையின் சுவரில் முதலில் போய்ப் பூசிக்கொள்ளும் ஒரு திரவம். அதை ஊற்றிய பிறகே மருந்தைச் சேர்க்க வேண்டும். எந்த வகைப் பிளாஸ்டிக் பை, எந்த வகைக் குழாய் என்பதையும் லேபிளிலேயே எழுதியிருக்கிறார்கள்.

ஃபில்கிராஸ்டிம் நம் ஊர்க் கேன்சர் வார்டுகளில் சகஜமாகப் புழங்கும் மருந்து. அதை ஐவி வழியாகக் கொடுக்க நேர்ந்தால், ஒரு மில்லிக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழே நீர்க்கக் கூடாது. 5 முதல் 15 மைக்ரோகிராம் வரை இருந்தால், பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் இருக்க ஆல்புமின் சேர்க்க வேண்டும். சலைனில் கலக்கவே கூடாது, டெக்ஸ்ட்ரோஸில்தான். இவ்வளவும் எப்படித் தெரிந்தது? யாரோ உட்கார்ந்து சோதித்ததால்.

ஒட்டுவது மட்டுமா பிரச்சினை?

இல்லை. மூன்று விதமாக விஷயம் கெடலாம்.

முதலாவது, மருந்து குறைந்துபோவது. மேலே பார்த்தது அதுதான்.

இரண்டாவது, பாத்திரத்திலிருந்து மருந்துக்குள் ஏதாவது கசிவது. ரப்பர் மூடியிலிருந்து வேதிப்பொருள், கண்ணாடியிலிருந்து மெல்லிய செதில், ஸ்டீல் தொட்டியிலிருந்து உலோக அயனி என எதுவும் வரலாம். 2010 செப்டம்பரில் அமெரிக்காவின் ஆம்ஜென் நிறுவனம், எபோயட்டின் மருந்தின் சில பேட்ச்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. காரணம், குப்பியின் உட்சுவரிலிருந்து உரிந்த கண்ணாடிச் செதில்கள். மருந்து உற்பத்தியில் ஸ்டீல் தொட்டிக்குப் பதிலாக வந்த ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பைகளும் இதற்கு விலக்கல்ல. பிளாஸ்டிக்கைக் காக்கச் சேர்க்கும் ஒரு பொருள் சிதைந்து, மருந்தைச் சுரக்க வேண்டிய செல்களின் வளர்ச்சியையே தடுத்தது 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் தெரியவந்தது.

மூன்றாவதுதான் ரொம்ப நுணுக்கமானது. புரதம் வடிவம் கெட்டு, திரண்டு, துகளாவது. சிரிஞ்சின் பிஸ்டன் வழுக்கிப் போவதற்காக உள்ளே சிலிக்கோன் எண்ணெய் தடவியிருப்பார்கள். அந்த எண்ணெய்த் துளிகளைச் சுற்றிப் புரதம் படியும். கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குப் பார்வையில் மிதக்கும் துளிகள் தெரிந்ததாக மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அவை சிரிஞ்சிலிருந்து வந்த சிலிக்கோன் எண்ணெய். காற்றுக் குமிழியை வெளியேற்றச் சிரிஞ்சை விரலால் சுண்டுவோமே, அந்தச் சுண்டல் எண்ணெய்த் துளிகளை அதிகமாக்குகிறது என்பதும் ஆய்வுகளில் தெரிந்தது.

இது வெறும் தியரியா?

1998-ல் ஐரோப்பாவில் நடந்ததைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது.

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு ரத்தசோகை வரும். அவர்களுக்குப் போடப்படும் எரித்ரோபொய்ட்டின் ஊசிகளில் ஒன்று எப்ரெக்ஸ். அதில் புரதத்தைப் பாதுகாக்க மனித ஆல்புமின் சேர்த்திருந்தார்கள். மாட்டுப் பைத்திய நோய் பயம் ஐரோப்பாவை ஆட்டிக்கொண்டிருந்த காலம் அது. மனித, விலங்குப் பொருட்கள் மருந்தில் வேண்டாம் என்ற நோக்கத்தில் ஆல்புமினை எடுத்துவிட்டு பாலிசார்பேட் 80 என்ற பொருளைச் சேர்த்தார்கள். நல்ல நோக்கம்தான். மருந்துப் புரதம் மாறவே இல்லை.

ஆனால், அந்த ஊசியைத் தோலுக்கடியில் போட்டுக்கொண்ட சிலருக்கு எலும்பு மஜ்ஜை சிவப்பணு தயாரிப்பதையே நிறுத்தியது. ஊசிப் புரதத்துக்கு எதிராக உடல் ஆன்டிபாடி தயாரித்து, அது உடலில் இயல்பாகச் சுரக்கும் எரித்ரோபொய்ட்டினையும் சேர்த்து முடக்கிவிட்டது. ரத்தசோகைக்குப் போட்ட மருந்தால் ரத்தம் ஏற்றிக்கொண்டே வாழ வேண்டிய நிலை. 2002-ல் பிரான்ஸ் மருத்துவர்கள் 13 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 1998 ஜனவரி முதல் 2004 ஏப்ரல் வரை இந்த ஒரு மருந்தோடு தொடர்புபடுத்தப்பட்டவை 175 பேர்.

என்ன ஆனது? முன்வைக்கப்பட்ட முக்கிய விளக்கங்களில் ஒன்று, பாலிசார்பேட் சிரிஞ்சின் பூச்சில்லாத ரப்பர் மூடியிலிருந்து சில வேதிப்பொருட்களைக் கரைத்து வெளியே கொண்டுவந்தது, அவை நோயெதிர்ப்பைத் தூண்டிவிட்டன என்பது. வேறு விளக்கங்களும் உண்டு, விவாதம் முழுதாக முடிந்துவிடவில்லை. ஆனால், மூடி பூச்சு போட்டதாக மாற்றப்பட்டது, சிறுநீரக நோயாளிகளுக்குத் தோலடியில் போடுவது நிறுத்தப்பட்டது, குளிர்பதனம் கண்டிப்பாக்கப்பட்டது. பாதிப்புகள் வெகுவாகக் குறைந்தன.

கதை அதோடு முடியவில்லை. 2009-ல் இன்னொரு எபோயட்டின் பயோசிமிலர் சோதனையில் 2 பேருக்கு இதே மாதிரி ஆன்டிபாடி உருவாகி, சோதனை நிறுத்தப்பட்டது. தேடிப் பார்த்தால், குற்றவாளி கண்ணுக்கே தெரியாத டங்ஸ்டன் துணுக்காக இருக்கக்கூடும் என்று தெரிந்தது. கண்ணாடி சிரிஞ்சில் ஊசி பொருத்தும் துளையைப் போடச் சூடான டங்ஸ்டன் கம்பியைப் பயன்படுத்துவார்கள். அந்தக் கம்பியின் மிச்சம் சில சிரிஞ்சுகளில் தங்கி, புரதத்தைத் திரளவைத்திருக்கிறது. மருந்து ஃபேக்டரியில் தவறு இல்லை. தவறு இருந்தது சிரிஞ்ச் தயாரிப்பில்.

சரி, எப்படிச் சோதிக்கிறார்கள்?

அடிப்படை ரொம்ப எளிது. உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று அளப்பது. மருத்துவமனையில் போடுவது போலவே பையைத் தொங்கவிட்டு, குழாயின் மறுமுனையில் மணிக்கொரு தடவை மாதிரி எடுப்பார்கள். எவ்வளவு குறைவான அளவு கொடுக்கப்படுமோ, அந்த அளவில்தான் சோதிக்க வேண்டும். ஏனென்றால், மருந்து கம்மியாக இருக்கும்போதுதான் ஒட்டும் பங்கு அதிகம்.

வெளியே வந்த மருந்து வேலை செய்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்து, வடிவம் கெட்டிருந்தால் பயனில்லை. அதற்காகச் செல்களின் மேல் வைத்து வீரியம் பார்ப்பார்கள். திரண்டிருக்கிறதா என்று புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துப் பார்ப்பார்கள். துகள்களை எண்ணுவார்கள். அமெரிக்க மருந்துத் தர நூல் வரம்பின்படி, ஒரு சிறிய ஊசிக் குப்பியில் 10 மைக்ரான் அல்லது அதற்கு மேற்பட்ட துகள்கள் 6,000-க்கு மேலும், 25 மைக்ரானுக்கு மேற்பட்டவை 600-க்கு மேலும் இருக்கக் கூடாது. தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் போல இருக்கும் என்றால் எவ்வளவு சின்னது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கசிவுச் சோதனை இரண்டு கட்டம். முதலில் மூடி, பை, குழாயை வெப்பத்திலும் கடுமையான கரைப்பான்களிலும் ஊறவைத்து, 'இதிலிருந்து மோசமாகப் போனால் என்னென்ன வரலாம்' என்று பட்டியல் எடுப்பார்கள். பிறகு உண்மையான மருந்தை அதே குப்பியில் காலாவதி நாள் வரை வைத்திருந்து, 'நிஜத்தில் எது வந்தது' என்று பார்ப்பார்கள். 1995-ல் வந்த ஐசிஎச் க்யூ5சி என்ற சர்வதேச வழிகாட்டி, குப்பியை நிமிர்த்தி மட்டுமல்ல, படுக்கவைத்தும் கவிழ்த்தும் சோதிக்கச் சொல்கிறது. மருந்து மூடியைத் தொட வேண்டும் அல்லவா!

அப்படியென்றால் ஓட்டை எங்கே?

ஃபேக்டரி வாசல் வரை விதிகள் இருக்கின்றன. பயோசிமிலர்களுக்கு இந்தியாவில் 2012-ல் வழிகாட்டுதல் வந்து, 2016-ல் திருத்தப்பட்டது. பிரச்சினை வாசலைத் தாண்டிய பிறகு.

மருந்துக்கு அனுமதி ஒரு கோப்பில். ஐவி செட், சிரிஞ்ச், ஃபில்டர் எல்லாம் 2017 மருத்துவச் சாதன விதிகளின் கீழ் இன்னொரு கோப்பில். இரண்டும் தனித்தனியாக பாஸ். ஆனால், நோயாளியின் படுக்கை அருகே இரண்டும் ஒன்று சேர்கின்றன. அந்தச் சேர்க்கைக்கு யார் பொறுப்பு?

பிராண்ட் மருந்தின் பெட்டியில் பெரும்பாலும் விவரமான குறிப்பு இருக்கும். அதைப் படித்துக் கலப்பதற்கு எல்லா வார்டிலும் ஃபார்மசிஸ்ட் இருப்பதில்லை. ஸ்டோரில் எந்த ஐவி செட் இருக்கிறதோ, அதுதான் மாட்டப்படும். கடந்த மாதம் ஒரு கம்பெனி, இந்த மாதம் வேறு கம்பெனி. பிளாஸ்டிக்கின் ரகம் மாறியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? மருந்து பத்து சதவீதம் குறைவாகப் போய்ச் சேர்ந்தால், எந்த அலாரமும் அடிக்காது. 'இவருக்கு மருந்து சரியா வேலை செய்யலை' என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரி விழும். அவ்வளவுதான்.

விலை குறைவதும் பயோசிமிலர் பெருகுவதும் நல்ல செய்தி. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர். எடைக் குறைப்புக்கும் பேசப்படும் செமக்ளூடைட்டின் முக்கியக் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான். ஒரே மருந்து பல கம்பெனிகளின் பல பென்களில், பல குப்பிகளில் வரும் காலம் இது. மருந்து ஒன்றே என்றாலும் மூடியும் சிரிஞ்சும் ஒன்றல்ல. எப்ரெக்ஸ் சொன்ன பாடமே அதுதான்.

தமிழ்நாட்டால் என்ன செய்ய முடியும்?

நிறையவே முடியும். மற்ற மாநிலங்களிடம் எளிதில் இல்லாத ஒரு வசதி இங்கே இருக்கிறது. 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. பேட்ச் வாரியாக மாதிரி எடுத்து, லேபில் பாஸான பிறகே விநியோகம். நாட்டுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்ட ஏற்பாடு. முக்கியமாக, மருந்தை வாங்குவதும் அவர்கள்தான், சிரிஞ்சும் ஐவி செட்டும் வாங்குவதும் அவர்கள்தான். அதாவது, பிரிந்து கிடக்கும் இரண்டு கோப்புகளும் ஒரே மேசைக்கு வரும் இடம் அது.

அந்த மேசையிலிருந்து மூன்று கேள்விகள் போனால் போதும். பயாலஜிக் மருந்துக்கான டெண்டரில், 'எந்தப் பிளாஸ்டிக்கோடு, எந்தக் குறைந்தபட்ச அளவில், எத்தனை மணி நேரம் சோதித்தீர்கள்?' என்று கேட்கலாம். குறைந்த டோஸில் போகும் மருந்துகளை மட்டும் தேர்ந்தெடுத்து, கழகம் வாங்கும் ஐவி செட்டோடு சேர்த்தே சோதிக்கலாம். ஐவி செட் சப்ளையர் மாறும்போது, பிளாஸ்டிக் ரகம் மாறியிருக்கிறதா என்று கேட்கலாம்.

'ஒவ்வொரு மருந்தையும் ஒவ்வொரு குழாயோடும் சோதிக்க முடியுமா? செலவு எகிறிடாதா?' என்ற கேள்வி நியாயமானது. சிறிய கம்பெனிகளுக்குச் சுமைதான். ஆனால், யாரும் எல்லாவற்றையும் சோதிக்கச் சொல்லவில்லை. பிவிசி, பாலியெத்திலீன், பாலியோலிஃபின் என்று பிளாஸ்டிக் வகைகள் கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கும். மில்லிகிராம் கணக்கில் நூற்றுக்கணக்கில் போகும் மருந்துக்கு இந்தச் சோதனை அவசரமில்லை. மைக்ரோகிராமில் போகும் மருந்துக்கும், குழந்தைகளுக்கான டோஸுக்கும் அவசரம். எங்கே ஆபத்து அதிகமோ அங்கே தொடங்கினால் செலவும் அடங்கும்.

மேலும், கம்பெனிகள் இதில் பலவற்றை ஏற்கெனவே சோதித்து வைத்திருக்கும். அந்த முடிவு கோப்பில் தூங்குகிறது. மருந்துப் பெட்டியின் குறிப்பில், செவிலியருக்குப் புரியும் மொழியில் இரண்டு வரியாக அதை வெளியே கொண்டுவரச் சொல்வது மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் வேலை. சோதனையின் செலவோடு ஒப்பிட்டால் அந்த இரண்டு வரி அச்சிடும் செலவு ஒன்றுமே இல்லை.

இன்னொன்று, பதிவு. எப்ரெக்ஸ் பிரச்சினை வெளியே வந்ததற்குக் காரணம், யாருக்கு எந்த பிராண்ட் போட்டார்கள் என்று எழுதி வைத்திருந்ததுதான். நம் கேஸ் ஷீட்டுகளில் பல நேரம் 'எரித்ரோபொய்ட்டின்' என்று மட்டுமே இருக்கும். பிராண்ட், பேட்ச் எண் இரண்டையும் எழுதுவதைக் கட்டாயமாக்கினாலே பாதிக் கிணறு தாண்டியது போல.

வீட்டில் என்ன கவனிக்கலாம்?

இன்சுலினை வேகமாகக் குலுக்காதீர்கள். நுரை வந்தால் ஒவ்வொரு நுரைக் குமிழியும் புரதம் பிரிவதற்கான ஒரு பரப்பு. கலங்கலான வகை இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டினால் போதும். தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலினில் கலங்கலோ, துணுக்கோ தெரிந்தால் போடாதீர்கள்.

தூத்துக்குடி வெயிலில் பைக் பெட்டியில் இன்சுலினை விட்டுவிட்டு ஆபீஸ் போகாதீர்கள். சூடும் குலுக்கலும் சேர்ந்தால் கெடுவது வேகமாகும். கடலுக்குப் போகிறவர்கள், 'ஐஸ்தான் நிறைய இருக்கே' என்று மீன் பெட்டியின் ஐஸுக்குள் புதைத்து வைப்பதும் தவறு. உறைந்த இன்சுலின், உருகிய பிறகு பழைய இன்சுலின் அல்ல. குளிர்ச்சி வேண்டும், ஐஸைத் தொடக் கூடாது.

ஒரு கம்பெனி பென்னின் மருந்தை இன்னொரு சிரிஞ்சுக்கோ பாட்டிலுக்கோ மாற்றி வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த மருந்து அந்தப் பாத்திரத்தில்தான் சோதிக்கப்பட்டது.

பாம்புக்கடி மருந்துக்கும் இதே விதி. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் விஷத்திலிருந்து தயாராகும் மருந்து, பெரும்பாலும் உலர் பொடியாக வரும். கரைக்கும்போது குப்பியை மெதுவாகச் சுழற்ற வேண்டும், குலுக்கக் கூடாது. அவசரத்தில் கை தானாகக் குலுக்கத்தான் பார்க்கும். அந்த அரை நிமிடப் பொறுமை நோயாளியின் உயிருக்கானது.

புதிய பிராண்ட் ஊசிக்கு மாறிய பிறகு மருந்து வேலை செய்யாதது போலத் தோன்றினாலோ, எதிர்பாராத பாதிப்பு வந்தாலோ பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். பேட்ச் எண்ணோடு மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024-லும் புகார் பதியலாம்.

தூத்துக்குடியில் ஒரு படகைக் கடலில் இறக்கும் முன், அடியில் என்ன பெயின்ட் என்று கேட்காத ஓட்டுநர் கிடையாது. கடல் எதையும் சும்மா விடாது என்று அவருக்குத் தெரியும். மருந்து வாங்கும் அரசும், அதை ஏற்றும் மருத்துவமனையும் அதே கேள்வியைக் கேட்கத் தொடங்க வேண்டும். கொட்டப்பட்ட அந்த 20 மில்லி இன்சுலின் வீண் அல்ல, யாரோ சோதித்துச் சொன்னதன் பலன். மற்ற மருந்துகளுக்கும் அப்படி ஒரு பதில் செவிலியரின் கையில் இருக்க வேண்டும்.